கணுவுக்குக் கணு

சென்னைப் புறநகரான நூம்பலில் ஒரு வீடு கட்டி முடிகிறபோது கடைசியாக மிஞ்சுவது தரை. பெயிண்ட் அடித்தாயிற்று, கிரில் மாட்டியாயிற்று, சம்ப்புக்கு மூடி போட்டாயிற்று. வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே மூன்றடி, நாலடி அகலத்தில் மண் கிடக்கிறது. பிளான் அப்ரூவலுக்காக விட்ட இடம். கலவை கொட்டி இறுகிய திட்டு, டைல்ஸ் துண்டு, கட்டுக்கம்பிச் சுருள், பாதி புதைந்த சிமெண்ட் சாக்கு எல்லாம் அங்கேதான் இருக்கும். மேஸ்திரி கேட்பார்: "இதையும் முடிச்சுடலாமா சார்?" முடிப்பது என்றால் பேவர் பிளாக், கை கடித்தால் வெறும் சிமெண்ட். இரண்டு நாள் வேலை. மழைக்குச் சேறு கிடையாது, துடைப்பம் போட்டால் சுத்தம், வாடகைக்கு வருகிறவர்களுக்கும் பிடிக்கும். வேலப்பன்சாவடியிலிருந்து காட்டுப்பாக்கம் வரை தெருத்தெருவாக இப்படித்தான் தரை முடிக்கப்பட்டிருக்கிறது.

நர்சரிக்காரர்கள் 'கிரவுண்ட் கவர்' என்று சொல்லும் தரைப்படர் செடிகளை அந்த நாலடியில் நட நினைப்பவர் மேஸ்திரியின் கேள்விக்குச் சொல்வது வேறு பதில். அவருடைய தரை ஒருநாளும் முடியப்போவதில்லை. இந்த வருஷம் பச்சை பிடித்த இடம் அடுத்த சித்திரையில் சொட்டையாகும். வேண்டாததும் கூடவே வரும். உட்கார்ந்து, குனிந்து, கையால் பார்க்க வேண்டிய வேலை. பெரும்பாலானவர்கள் இதை வேண்டாம் என்று தள்ளுவதற்குக் காரணம் இந்த முடிவின்மை. நான் இதைப் பரிந்துரைப்பதற்கும் அதுவே காரணம்.

முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்து மனைகளில் பல ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்த நஞ்சை. நெல் விளைந்த பூமியென்றால் தோட்டம் போடக் கேட்கவா வேண்டும் என்று தோன்றும். ஆனால் நம் கைக்கு வருவது அந்த மண்ணே இல்லை. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு மட்டம் உயர்கிறது. தண்ணீர் வீட்டுக்குள் வராமலிருக்க மனையையும் உயர்த்த வேண்டியிருக்கிறது. லோடு லோடாகச் சவுடு கொட்டுகிறார்கள். அது கட்டுப்படியாகாதவர்கள் இடித்த வீட்டு ரப்பீஸ் வாங்கிக் கொட்டி, மேலே ஒரு சாண் செம்மண் பரப்புகிறார்கள். கடப்பாரை போட்டால் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் காரை, பாலித்தீன், அதற்கும் கீழே எங்கேயோ பழைய வயல் களி. எங்கிருந்தோ வந்த மண் அங்கிருந்த விதைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறது. 1950களின் நடுவில் புனே பக்கம் கண்ணில் பட்ட பார்த்தீனியம் இன்று நம் மனையில் முதல் மழைக்கே முளைப்பது இப்படித்தான்.

இந்த மண்ணை வெறுமையாகப் போட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு ஐப்பசி மழை காட்டிவிடும். துளி விழுந்த வேகத்தில் பொடி மண் தெறித்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்பட்டை அடிக்கும். தெறித்த நுண்மண் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். வெயில் வந்ததும் மேல்பரப்பு அப்பளம் போல இறுகும். அடுத்த மழை உள்ளே இறங்காமல் வழிந்து கேட் வழியாகத் தெருவுக்குப் போகும். மண்ணே சிமெண்டாக மாறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மேஸ்திரி கேட்டது நியாயந்தானே என்று நமக்கும் படும்.

மரம் நடுவதற்கு நம்மிடம் விழா உண்டு, போட்டோ உண்டு, கம்பிக்கூண்டு உண்டு. தரைப்படர் செடி நட்டதற்கு யாரும் பொன்னாடை போர்த்தியதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் சென்னைத் தெருக்களில் வேரோடு சாய்ந்து கிடந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும்: எத்தனையோ மரங்களின் வேர்த்தட்டு சிமெண்ட் தொட்டியில் வளர்ந்தது போல மேலாக, வட்டமாக இருந்தது. சுற்றிலும் அடைத்த தரையில் வேர் எங்கே போகும்? கொட்டிய மண்ணில் மரம் நிற்க வேண்டுமானால் அதற்கு முன் அந்த மண் மண்ணாக வேண்டும். அதைச் செய்வது சின்னச் செடிகள். இலை துளியின் அடியை வாங்கிக்கொள்கிறது. நிழலில் ஈரம் தங்குகிறது. மக்கும் இலையைத் தேடி மண்புழு வருகிறது. கணுவுக்குக் கணு இறங்கும் மெல்லிய வேர்கள் ரப்பீஸுக்கு நடுவே வழி உண்டாக்குகின்றன. தென்னங்கன்றுக்கும் கொய்யாவுக்கும் முன்பாக நட வேண்டியது இவற்றை.

ஆனால் வீட்டைச் சுற்றித் தரையை மூடி வளர்ப்பது நம் வழக்கத்தில் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நமக்கு அழகு என்பது பெருக்கிய வாசல். விடியலில் சாணம் தெளித்து, கூட்டி, கோலம் போட்ட மண் தரை. அதில் ஒரு புல் முளைத்திருந்தால் வீட்டில் பெண்பிள்ளை இல்லையா என்று கேட்பார்கள். அதற்குக் காரணங்களும் இருந்தன. பாம்பும் தேளும் தூரத்திலேயே தெரியும்; நெல் காயப்போடலாம்; கல்யாணத்துக்குப் பந்தல் போடலாம். தோட்டம் என்பதும் பறிப்பதற்காக இருந்தது. பக்கத்துப் பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் நந்தவனம் வைத்துப் பூப்பறித்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோனதாகத்தான் வைணவ மரபு சொல்கிறது. பூ சாமிக்கு, கீரை சமையலுக்கு, துளசி மாடத்துக்கு. மண்ணுக்காகவே ஒரு செடி என்ற எண்ணத்துக்கு அங்கே இடம் இருக்கவில்லை; வரப்பும் ஏரிக்கரையும் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன.

பேவர் பிளாக்கை நகரத்துச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது சுலபம். எனக்கு அது பெருக்கிய வாசலின் வாரிசாகவே தெரிகிறது. அதே சுத்தம், அதே கௌரவம். விட்டுப்போனது ஒன்றுதான்: சாணம் தெளித்த மண் தரை தண்ணீரைக் குடித்தது, கத்திரி வெயில் தாழ்ந்ததும் குளிர்ந்தது. இது ராத்திரி ஒன்பது மணிக்கும் செருப்பில்லாமல் நிற்கவிடுவதில்லை. ஆகவே எங்கள் வீட்டில் செய்திருப்பது ஒரு சமரசம். கேட்டுக்கு உள்ளே ஒரு கோலம் போடுகிற அளவுக்கு மண் தரை, பெருக்கிய தரையாகவே இருக்கிறது. பச்சை அதற்கு அப்பால் தொடங்குகிறது.

வசதி உள்ளவர்கள் தேர்ந்தெடுக்கும் இன்னொரு வழி புல்தரை. கொரியன் புல்லைப் பாய் பாயாக வெட்டி வந்து விரித்துவிட்டுப் போகிறார்கள். ஆறு வாரத்தில் சினிமா வீடு மாதிரி ஆகிவிடும். 1830இல் எட்வின் பட்டிங் என்கிற ஆங்கிலேயர் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கும்வரை, அவர்கள் ஊரிலேயே சமமாக வெட்டிய புல்வெளி என்பது அரிவாள்காரர்களை வைத்துக்கொள்ள முடிந்த சீமான்களின் சொத்து. அங்கே வருஷம் முழுக்கத் தூறுகிறது. சென்னைக்கு வருஷத்தில் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில், மூன்றே மாதத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். மிச்ச மாதங்களில் புல்லுக்குக் குழாய்தான். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வெடித்துக் கிடந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. அந்த ரயிலைப் பார்த்த ஊரில் புல்லுக்குத் தினம் தண்ணீர் காட்டுவதற்குக் கொஞ்சம் மனத்துணிவு வேண்டும்.

பெரிய அளவில் தரையைக் கட்டிக் காக்கும் செடி சென்னையில் எது என்று கேட்டால் கடற்கரைக்குப் போக வேண்டும். மணல்மேட்டின் மேல் நீளக் கயிறாக ஓடும் அடும்பு, ஊதாப் பூவும் ஆட்டுக்குளம்பு போல் பிளந்த இலையுமாக. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் அதுவும் ஒன்று. காற்று மணலை வாரிப் போகாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் விட்டதில்லை. அதை நூம்பலுக்குக் கொண்டுவந்து வைக்கச் சொல்லவில்லை. மண் எதுவோ அதற்கேற்ற செடி அங்கேயே இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். ஏரியை ஒட்டிய ஊருக்கு அது பொடுதலை.

பொடுதலையைப் பலர் மிதித்திருப்பார்கள், பார்த்திருக்க மாட்டார்கள். ஏரிக்கரையில், வாய்க்கால் ஓரத்தில், மாடு மேய்ந்த தரையில் ஒட்டிக்கிடக்கும். இலை எதிரெதிராக, அடியில் குறுகி நுனியில் அகன்று, அகன்ற பாதியில் மட்டும் பல் வெட்டியிருக்கும். கணுவிலிருந்து நிமிரும் காம்பின் உச்சியில் தீக்குச்சித் தலை அளவுக்கு ஒரு பூங்கொத்து. நடுவில் கருஞ்சிவப்பு, சுற்றிலும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பொடிப் பூக்கள். அந்தப் பூ வளையம் அப்படியே நிற்பதில்லை. கீழே உள்ளவை உதிர உதிர வளையம் மேலேறும், தலை நீண்டுகொண்டே போகும். குந்தி உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். காலை பத்து மணிக்கு அதன் மேல் தேனீயும், கட்டைவிரல் நகம் அளவு நீலப் பட்டாம்பூச்சியும் இடைவிடாமல் இறங்கும். வெறுங்காலோடு குழந்தைகள் ஓடுகிற இடமென்றால் பூவைக் கிள்ளிவிட வேண்டும். தேனீ கொட்டியது என்று பிறகு செடியைப் பழிக்கக் கூடாது.

இந்தச் செடியில் ஜப்பானில் தேர்ந்து எடுத்த ஒரு வகையைக் 'குராப்பியா' என்ற பெயரில் கலிபோர்னியாவில் விற்கிறார்கள். தண்ணீர்ப் பஞ்சத்தில் புல்தரையைப் பெயர்த்துவிட்டு இதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்பது விளம்பரம். நம் ஏரிக்கரையில் சும்மா கிடப்பதன் உறவுக்காரி அங்கே தட்டு விலைக்குப் போகிறாள். அதனால் நமக்குப் பெருமை ஒன்றும் கூடிவிடாது. காசு கொடுத்தால்தான் மதிப்போம் என்கிற நம் பழக்கத்துக்கு அது ஒரு பதில், அவ்வளவே.

எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் ஆயாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, ஏரிக்கரைல கெடக்கற பொடுதலையத் தூக்கியாந்து வீட்ல வச்சிக்கினுகீற? தலைக்கு எண்ண காச்சவா?"

"இல்ல ஆயா, தரைக்கு."

"தரைக்கா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "பொடுகுக்கும் ஆவும், தொவையலுக்கும் ஆவும். தரைக்கும் ஆவட்டும்."

பிறகு எதிர்வீட்டு கேட் ஓரம் பளபளவென்று படர்ந்து மஞ்சளாகப் பூத்திருந்ததைக் காட்டினேன். நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். ஆயா ஓர் இலையைக் கிள்ளி உள்ளங்கையில் விரித்தார். "இது கரிசால இல்ல. பாரு, ரெண்டு பக்கமும் கொம்பு வச்சிகீது. கரிசால எல நீட்டமா இருக்கும், இப்டி மூணாப் பிரியாது. அவங்களாண்ட சொல்லி வை, பறிச்சிப் பொரியல் வச்சிடப் போறாங்க."

அவர் சொன்னது சரி. அது வெடேலியா என்றும் சிங்கப்பூர் டெய்சி என்றும் விற்கப்படுவது; சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும். வள்ளலார் அன்றாடம் உண்ணச் சொன்ன கீரைகளில் ஒன்று கரிசலாங்கண்ணி. மஞ்சளாகப் பூப்பதும் அந்தப் பெயரில் சேர்ந்ததுதான். இந்தச் செடி அதற்கு ஒரே பேரினத்துச் சொந்தம் மட்டுமே, குணம் வேறு. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இதன் பெயர் இருக்கிறது. இருந்தும் பூங்காவிலும் அலுவலக வளாகத்திலும் முதலில் இறங்குவது இதுதான். விலை மலிவு, நிழலிலும் வரும், ஒரு துண்டு போதும். வெட்டி எறிந்த துண்டு கால்வாயில் போய்ச் சேர்ந்தால் அங்கேயும் பிடித்துக்கொள்ளும்.

எதனால் நல்லது என்று வாங்கினோமோ அதே குணம் இங்கே கெட்டதாகிறது. சீக்கிரம் பரவ வேண்டும் என்று கேட்டோம், பரவுகிறது. பொடுதலையும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அதன் நெருங்கிய இனம் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குத் தோட்டச் செடியாகப் போனது. இன்று மர்ரே–டார்லிங் ஆற்றுச் சமவெளிகளில் மேய்ச்சல் நிலத்தை மூடிக்கொண்டு அங்குள்ள விவசாயிகளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறது. நாலடிக்குள் வேகமாகப் பரவி, காம்பவுண்டு வந்ததும் தானே நின்றுவிடும் செடி உலகத்தில் கிடையாது. நிறுத்துவது நம் வேலை. ஆகவே எந்தச் செடி என்பதைத் தீர்மானிக்கும்போது மூன்றைப் பார்க்கிறேன். இந்த ஊர் ஏரிக்கரையில் ஏற்கெனவே இருப்பதா? தப்பித்துப் போனாலும் போன இடத்தில் அதைத் தின்னவும் அடக்கவும் ஏதாவது உண்டா? வாரம் ஒருமுறை அதன் விளிம்பைப் பார்க்க எனக்கு முடியுமா? மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வருகிறவர் பேவர் பிளாக்கே போட்டுக்கொள்ளலாம், கல்லுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது விட்டு.

முடியும் என்கிறவர்களுக்குச் சில விவரங்கள். பொடுதலைக்கு நல்ல வெயில் வேண்டும். நாலைந்து கணு உள்ள தண்டாக ஒடித்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு, ஒரு சாண் இடைவெளியில் படுக்க வைத்து ஊன்ற வேண்டும். புரட்டாசிக் கடைசி தோதான நேரம். வேர் பிடிப்பதற்கும் பெருமழை வருவதற்கும் சரியாக இருக்கும். வைகாசியில் நட்டால் தண்ணீர் ஊற்றியே மாளாது. நிழல் விழும் வடக்குப் பக்கத்தில் பொடுதலை சோம்பும், அங்கே வல்லாரை. ஏசித் தண்ணீர் சொட்டுகிற மூலையில் அது வருகிற அழகைப் பார்க்க வேண்டும். வாஷிங் மெஷின் தண்ணீரை மட்டும் அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். ஈரம் நிற்கும் பள்ளத்துக்குப் பொன்னாங்கண்ணி. ஜல்லியும் காரையுமான மேட்டில் மூக்கிரட்டை, நடாமலே வந்திருக்கும். ஆழமாகக் கிழங்குபோல் வேர் இறக்கும் அதைப் பிடுங்காமல் விட்டாலே போதும். நெருஞ்சியை மட்டும் பூ விடும்போதே எடுத்துவிட வேண்டும். கண்ணுக்கு இனிய பூ பின்னால் முள்ளாகும் என்று குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் அதை வைத்துத்தான் ஒரு காதலனைப் பற்றிச் சொன்னார். சைக்கிள் டியூபைப் பொறுத்தவரை இன்றும் அதில் மாற்றமில்லை.

உண்மையான எதிரி கோரை. புல் மாதிரி நிற்கும். இழுத்தால் தலை மட்டும் கையில் வரும். கீழே நூலில் கோத்தது போலக் கிழங்கு கிழங்காக மண்ணுக்குள் ஓடியிருக்கும். ஒரு கிழங்கு மிஞ்சினாலும் திரும்ப வரும். பாலித்தீன் விரிப்பைக் குத்திக்கொண்டும் வரும். உலகக் களைகளில் முதலிடம் கொடுத்திருக்கிறார்கள் அதற்கு. நடுவதற்கு முன்னால் கிளறி, சலித்து, கிழங்கைப் பொறுக்க வேண்டும். நட்ட பிறகும் பொறுக்க வேண்டும். பொடுதலை நெருங்கி மூடிய இடத்தில் வெளிச்சம் கிடைக்காமல் கோரை இளைக்கும். ஒழியாது.

பாம்பு வரும் என்பார்கள். ஏரி ஓரத்து ஊரில் அந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. கணுக்கால் உயரத்துக்கு மேல் எழாத செடியில் பாம்பு பதுங்குவது கடினம். அது தேடி வருவது எலியை, எலி தேடி வருவது நாம் கட்டி வைத்த குப்பைப் பையை. சுவரை ஒட்டி ஓர் அடிக்குச் செடியில்லாமல் ஜல்லி பரப்பி, மழைநீர்க் குழாயின் வாய்க்கு வலை கட்டி, பழைய மரச்சட்டங்களைக் குவித்து வைக்காமல் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதிக்கு டார்ச் லைட்.

இதனால் வெள்ளம் நிற்குமா என்று கேட்டால், நிற்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய அளவுக்கு முன்னால் நாலடிப் பாத்தி என்ன செய்யும்? வெளியே போக வழியில்லாத தண்ணீருக்கு ஏரியும் கால்வாயும்தான் பதில். அதைச் செடியின் தலையில் கட்டுவது ஏமாற்று வேலை. பாத்தி செய்வது அன்றாடக் காரியம். ஆவணியில் மாலைநேரம் அரைமணி பெய்கிற மழையைத் தெருவுக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்கிறது. ஜன்னல் வழியாக வரும் அனலைக் குறைக்கிறது. ரப்பீஸ் மேல் விரல்கடை அளவுக்குக் கறுப்பு மண் சேர்க்கிறது. கையை விட்டால் தெரிகிறது, கணக்குக் காட்ட எதுவும் இல்லை.

பக்கத்து வீடுகளில் இதைப் பிரச்சாரம் செய்து பலன் இருப்பதாகத் தெரியவில்லை. சிமெண்ட் போட்டவருக்கு வயதான அம்மா இருக்கலாம், வழுக்கி விழும் பயம் இருக்கலாம். குனிய முடியாத முதுகு இருக்கலாம். யாருக்கும் நேரம் சும்மா கிடைப்பதில்லை. தரைப்படர் செடிக்கு விளம்பரம் வேறு விதமாக நடக்கிறது: அது விளிம்பைத் தாண்டும்போது வெட்டியாக வேண்டும், வெட்டியதைப் போட மனம் வராது, கேட்கிறவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கிறது. மரக்கன்று வாங்க வருகிறவரைவிட இப்படித் தண்டு வாங்க வருகிறவரோடுதான் அதிக நேரம் பேச முடிகிறது; எங்கே வெயில் விழுகிறது, எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது என்று அவருடைய தரையைப் பற்றி அவரே முதல்முறையாக யோசிக்கிறார். ஐப்பசிக்கு முன்னால் வருகிறவர்களுக்கு ஒரு கைப்பிடி நிச்சயம் உண்டு. வாங்கும்போது மட்டும் வேரை நன்றாக உதறிப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்; எங்கள் மண்ணில் கோரைக்கிழங்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.